மழைக்குச் சாதி தெரியாது, பள்ளத்துக்குத் தெரியும்

மாணவர்களே, ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் ஊரின் படத்தை வரைந்து பாருங்கள். கோயில், தேரோடும் வீதி, ஏரி, மதகு, பள்ளிக்கூடம், பேருந்து நிற்கும் இடம் எல்லாவற்றையும் போடுங்கள். பிறகு சேரியைப் போடுங்கள். கடைசியாக, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அம்புக்குறி இடுங்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் பலவற்றில் அந்த அம்பின் முனை சேரியில்தான் போய் நிற்கும். ஊர் மேட்டில் இருக்கும். சேரி வாய்க்காலுக்கும் வயலுக்கும் இடையில், ஏரியின் வடிகால் ஓரத்தில், ஓடையின் கரையில் இருக்கும்.

இது தற்செயலாக நடந்ததல்ல. நல்ல மேட்டு நிலத்தில் வீடு கட்டும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதன் வரைபடம் அது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பெயரை மாற்றினால் பள்ளம் மேடாகிவிடுமா?

புவி வெப்பமயமாதலைப் பற்றிப் பேசும்போது இந்தப் பள்ளத்திலிருந்துதான் பேச வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் அந்தப் பாடத்துக்குப் பனிக்கரடியின் படம் போட்டிருப்பார்கள். உருகும் பனிப்பாறை மேல் அது தனியாக நிற்கும். படிக்கும் பிள்ளைக்கு அது எங்கோ வட துருவத்தில் நடக்கும் கதை என்று தோன்றிவிடும். உண்மையில் அது நம் வீட்டு வாசலுக்கு வந்து பல ஆண்டுகளாகிவிட்டன.

என்ன நடக்கிறது?

சூரியனிடமிருந்து வரும் வெப்பத்தின் ஒரு பகுதியை பூமி திரும்ப வானுக்கு அனுப்புகிறது. காற்றில் இருக்கும் கரியமில வாயு, மீத்தேன் போன்றவை அந்த வெப்பத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமி உறைந்துபோகும். பிரச்சினை, போர்வை தடித்துக்கொண்டே போவதுதான். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு ஏறத்தாழ 280 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை எரித்ததும், காடுகளை அழித்ததும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள்.

உலகின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக் காலத்துக்கு முன்பு இருந்ததைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள முயல்வோம் என்று 2015இல் பாரீசில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. பதிவான ஆண்டுகளிலேயே அதிக வெப்பமான 2024இல், அந்த ஓர் ஆண்டின் சராசரி அந்த எல்லையைத் தாண்டியது. ஓராண்டு தாண்டியதாலேயே ஒப்பந்தம் தோற்றுவிட்டது என்று பொருளில்லை. எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறோம் என்று பொருள்.

ஒன்றரை டிகிரி என்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். காய்ச்சலில் உடம்பு ஒன்றரை டிகிரி செல்சியஸ் கூடினால் எழுந்து நிற்க முடிகிறதா? பூமிக்கும் அப்படித்தான். காற்று ஒரு டிகிரி சூடாகும்போது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும். அதனால் கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல் குடித்திருக்கிறது. சூடான கடல்தான் புயலுக்குத் தீனி. ஒவ்வொரு புயலையும் புவி வெப்பம்தான் பெற்றது என்று சொல்ல முடியாது. வருகிற புயலின் வலுவையும் மழையையும் அது கூட்டுகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்கு ஐயமில்லை.

நம் மாவட்டம் பட்ட பாடு

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பர் 9 அன்று நெய்வேலியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. விசூர், பெரியகாட்டுப்பாளையம் போன்ற ஊர்களில் ஓடையில் பாய்ந்து வந்த வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் வாரிக்கொண்டு போனது. 2020 நவம்பரில் நிவர் வந்தது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணைக் கரையோர ஊர்களை மூழ்கடித்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலத்தின் சராசரி 20 விழுக்காடு. ஆகவே நம் மாவட்டத்தில் வெள்ளம் என்று சொன்னால் அதில் சேரியின் கதை பாதிக் கதை. ஆனால் செய்தியில் வருவது 'ஊருக்குள் வெள்ளம் புகுந்தது' என்ற ஒரு வரிதான். ஊருக்குள் முழங்கால் அளவு வந்த தண்ணீர் சேரியில் எந்த அளவுக்கு நின்றது, ஊரில் வடிந்த பிறகு சேரியில் எத்தனை நாள் தேங்கியது என்று யாரும் அளப்பதில்லை.

மழைக்காலத்தில் ஒரு சாவு விழுந்தால் சேரி படும் பாட்டைச் சொல்லித் தீராது. சுடுகாட்டுக்குப் பாதை இல்லாத சேரிகள் இன்னும் இருக்கின்றன. கோடையில் வயல் வரப்பில் தூக்கிச் செல்லும் பாடையை, மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிச் செல்கிறார்கள். மழை கூடக் கூட இந்தத் துயரமும் கூடும். பாதை இல்லாமல் போனதற்குக் காரணம் மழையல்ல.

வெள்ளம் வடிந்ததும் இன்னொரு வேலை தொடங்குகிறது. 2015இல் சென்னை மூழ்கியபோது பிற மாவட்டங்களிலிருந்தெல்லாம் தூய்மைப் பணியாளர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இறக்கினார்கள். அழுகிய குப்பையையும் செத்த விலங்குகளையும் சரியான கையுறைகூட இல்லாமல் அள்ளியவர்கள் யார் என்று சொல்ல வேண்டுமா? பேரிடரில் முதலில் மூழ்குவதும் நாம், கடைசியில் கழுவுவதும் நாம்.

வெயில் என்னும் பேரிடர்

புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள். வெயிலுக்குப் பெயர் இல்லை, சத்தமும் இல்லை. அதனால் அது எடுக்கும் உயிர்கள் கணக்கில் வருவதும் குறைவு.

கத்திரி வெயிலில் 'அவசியமில்லாமல் வெளியே வராதீர்கள்' என்று அறிவிப்பு வருகிறது. கரும்பு வெட்டுபவருக்கும், செங்கல் சூளையில் கல் அறுப்பவருக்கும், மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாருபவருக்கும் வெளியே வருவதுதான் அவசியம். வராவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. நாடு தழுவிய தொழிலாளர் கணக்கெடுப்பை வைத்து இந்திய ஆய்வாளர்கள் செய்த ஆய்வொன்று, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தங்கள் வேலை நேரத்தில் மற்றவர்களைவிடக் கூடுதலான பங்கை வெட்டவெளியில் கழிக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறது. நிழலிலும் சாதி இருக்கிறது என்பதற்கு இனி நாம் வாய்ச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, புள்ளிவிவரமே சொல்கிறது.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானோர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பதும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரியவந்தது. அதே ஆய்வுக் குழுவினர் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு இன்னும் கலங்க வைப்பது. கடும் வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கரு கலைவதற்கும் குழந்தை இறந்து பிறப்பதற்குமான அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்று அது கண்டது.

நடவு வயலில் நிற்கும் பெண்கள் ஏன் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒதுங்க இடமில்லை என்பார்கள். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து மாலை திரும்பும் வரை அடக்கிக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் அப்படித்தான் வருகின்றன. நம் கடலோரப் பகுதியில் புழுக்கம் வேறு. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, உடம்பின் சூடு உள்ளேயே நிற்கும்.

இரவிலாவது ஓய்வு உண்டா? கூரை வீடு வெயிலுக்கு இதமானது. ஆனால் தீக்கும் புயலுக்கும் தாங்காது. அதை மாற்றித் தகர ஷீட்டோ சிமெண்டு ஷீட்டோ போட்டவர்களுக்கு வீடே அடுப்பாகிவிட்டது. பழைய தொகுப்பு வீடுகளின் தாழ்ந்த கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்குகிறது. தூங்காத உடம்பு மறுநாள் மீண்டும் வெயிலுக்குப் போகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இது நல்ல அறிவிப்பு. ஆனால் வயலில் மயங்கி விழுந்தவரை வீட்டுக்குத் தூக்கிவந்து, மறுநாள் எடுத்துவிட்டால் அந்தச் சாவு வெப்பச் சாவாக எந்தத் தாளிலும் பதிவாகாது. 'நெஞ்சு வலி' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வெயிலில் வேலை செய்தவர் விழுந்தால் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள், வேலையிடத்தில் விழுந்தார் என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதலில் உயிருக்காக, பிறகு உரிமைக்காக.

அடங்கலில் இல்லாதவர்கள்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. தோப்பு வைத்திருந்தவர்களின் இழப்பு பெரிதுதான், அந்தப் பணம் போதாது என்பதும் உண்மைதான். அதே தோப்பில் மரம் ஏறியவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண், கயிறு திரித்தவர் ஆகியோருக்கு என்ன கணக்கு? புதுக் கன்று வைத்துக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுக் கூலியும் அன்று இரவே விழுந்துவிட்டது. கூலிக்கு ஏது பட்டா? தானே புயலுக்குப் பிறகு முந்திரி பொறுக்கியும் கொட்டை உடைத்தும் பிழைத்த பெண்களின் கதையும் இதுவே.

2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லை வயலிலேயே முளைக்க வைத்தது. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலைப் பார்த்துக் கொடுக்கும் பணம். வாய்ப்பேச்சில் குத்தகைக்கும் வாரத்துக்கும் எடுத்துப் பயிர் செய்தவர் பெயர் அடங்கலில் இருக்காது. நாற்று நட்டவர், களை எடுத்தவர் பெயர் இருக்கவே இருக்காது.

இங்கேதான் நிலத்தின் வரலாறு வந்து குறுக்கே நிற்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையின் விளைவாக 1892இல் பஞ்சமி நிலங்களை ஒதுக்க ஆணை பிறந்தது. அந்த நிலங்களில் பெரும் பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது என்பதை இந்தப் பத்தியை வாசிக்கிறவர்கள் அறிவார்கள். நிலம் போனதால் அன்று சோறு போனது. இன்று பருவநிலை மாறும் காலத்தில், நிலம் இல்லாததால் நிவாரணமும் போகிறது. பஞ்சமி நில மீட்பு என்பது பழைய கோரிக்கை என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அது இனி சுற்றுச்சூழல் கோரிக்கையும்கூட.

நியாயம் ஒன்றுதான்

புவி சூடேறியதற்கு யார் பொறுப்பு? ஒரு அமெரிக்கர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சராசரியாக 14 டன் அளவில் இருக்கிறது. இந்தியரின் சராசரி 2 டன் அளவுதான். அந்த 2 டன்னும் சராசரிக் கணக்கு. குளிரூட்டப்பட்ட மாளிகையும் நான்கு காரும் வைத்திருப்பவரையும், ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டையும் சேர்த்து வகுத்த கணக்கு அது. நெய்வேலியில் 1960களிலிருந்து பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். சாதாரண நிலக்கரியைவிட அது யூனிட் மின்சாரத்துக்குக் கூடுதல் கரியமில வாயுவை வெளியிடுவது. அந்த மின்சாரம் மாநிலம் தாண்டியும் போகிறது. அது எந்தெந்த ஊர்களைக் குளிர வைக்கிறது, எந்த ஊர்கள் சூட்டையும் வெள்ளத்தையும் வாங்கிக்கொள்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

உலக மாநாடுகளில் இந்தியா ஒரு நியாயத்தைப் பேசுகிறது. 'புகையை அதிகம் விட்டவர்கள் பணக்கார நாடுகள், பாதிக்கப்படுவது ஏழை நாடுகள், எனவே நீங்கள் இழப்பீடு தர வேண்டும்' என்பது அந்த நியாயம். எகிப்தில் 2022இல் நடந்த மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதி ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டார்கள். இந்த நியாயம் முழுக்கச் சரியானது. அதே நியாயத்தைத்தான் நாம் ஊருக்குள் கேட்கிறோம். புகைக்குக் காரணமாக இல்லாதவர்கள், பள்ளத்தில் குடியிருக்க வைக்கப்பட்டவர்கள், வெயிலில் நிற்க வைக்கப்பட்டவர்கள் முதலில் காக்கப்பட வேண்டும். வெளியே ஒரு நியாயம், உள்ளே ஒரு நியாயம் இருக்க முடியாது.

'மரம் நடுங்கள், பிளாஸ்டிக் பையைத் தவிருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் விழிப்புணர்வு நமக்குப் போதாது. மரம் நடுவோம், அதில் மறுப்பில்லை. பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் 2004 ஆழிப்பேரலையில் குறைவாகவே சேதப்பட்டன என்று ஆய்வுகள் காட்டின. அந்தக் கழிமுகங்களில் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர்களை ஒதுக்கிவிட்டு அந்தக் காட்டைக் காக்க முடியாது. மரத்தோடு மனிதரையும் கணக்கில் எடுப்பதே விழிப்புணர்வு.

நாம் செய்ய வேண்டியவை

குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. சேரியிலிருந்து கூட்டமாகப் போங்கள், பெண்கள் முன்னால் போங்கள். மழைக்காலத்துக்கு முன்பே வடிகாலைத் தூர்வாரச் சொல்லியும், சேரிப் பாதையையும் சுடுகாட்டுப் பாதையையும் மேடாக்கச் சொல்லியும், வெள்ளம் வந்தால் எல்லாரும் ஒன்றாகத் தங்க எந்தக் கட்டடம் என்பதை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லியும் தீர்மானம் போடச் செய்யுங்கள். சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

2004 ஆழிப்பேரலை புவி வெப்பத்தால் வந்ததல்ல. ஆனால் அதன் நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அதற்கு அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி, பால், மத வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவின் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிவாரண வண்டி ஊரோடு நின்றுவிட்டால், ஆட்சியருக்குக் கொடுக்கும் மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

வேலையிடத்தில் குடிநீரும் நிழலும் முதலுதவியும் தர வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே எழுதப்பட்ட ஒன்று. யாரும் தரும் சலுகையல்ல. கோடையில் வேலையை விடியலில் தொடங்கி வெயில் ஏறும் முன் முடிக்கக் கேளுங்கள். நீராகாரமோ மோரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ அடிக்கடி குடியுங்கள். உடம்பு கொதித்துப் பேச்சுக் குழறினால் அது வெப்பவாதம். நிழலுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மழையில் உங்கள் சேரியில் தண்ணீர் நின்ற உயரத்தை வீட்டுச் சுவரில் கோடு போட்டு, தேதி எழுதி, படம் எடுத்து வையுங்கள். எத்தனை நாள் நின்றது, எத்தனை நாள் கூலி போனது, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதிகாரி வந்து கேட்கும்போது அழுகையோடு ஒரு கணக்கும் நம் கையில் இருக்க வேண்டும். கணக்கில் வராத துன்பத்துக்கு அரசாணை வராது.

1927இல் மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்தார். தண்ணீர் எல்லாருக்கும் பொது என்று நிலைநாட்டிய போராட்டம் அது. இன்று தண்ணீர் சில நாள் வராமலும் சில நாள் வீட்டுக்குள்ளேயே வந்தும் நம்மை வதைக்கிறது. பொதுவானது தண்ணீர் மட்டுமல்ல. நிழலும், மேட்டு நிலமும், பாதுகாப்பும் பொதுவானவை. அவற்றில் நமக்குள்ள பங்கைக் கேட்டு வாங்குவதும் புவியைக் காக்கும் வேலையில் சேர்ந்ததுதான்.